டிவிடெண்ட் மறுமுதலீடு: லாபமே இல்லை என்று காட்டும் கணக்கு அறிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வுக்காலத்துக்காக ஃபண்டுகளில் சேமிப்பவர்கள் கணக்கு அறிக்கை கையில் வந்ததும் இரண்டு கட்டங்களைத்தான் முதலில் தேடுகிறார்கள். ஒன்று ‘முதலீட்டுச் செலவு’, இன்னொன்று ‘இன்றைய மதிப்பு’. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்துவிட்டு, இத்தனை வருடம் போட்டும் ஒன்றும் தேறவில்லையே என்று நல்ல ஃபண்டை விட்டு வெளியேறுகிறவர்கள் உண்டு. டிவிடெண்டை, அதாவது ஃபண்ட் பிரித்துத் தரும் பணத்தை, மறுபடியும் யூனிட்டாக (ஃபண்டில் உங்கள் பங்கின் அலகாக) மாற்றிக்கொள்ளும் ஃபண்டில் இந்தக் கழித்தல் லாபத்தைச் சொல்லாது. அது ஏன், எப்படிக் கணக்குப் போட்டால் சரியான விடை வரும் என்பதை உங்கள் வாசகர்களுக்காக எழுதுகிறேன். கடைசியில் உங்கள் நாளிதழின் முதலீட்டுப் பக்கத்துக்கும் சில வேண்டுகோள்கள் இருக்கின்றன.

நடைமுறையில் இவ்வளவு சீராக எந்த ஃபண்டும் வளராது. ஆனாலும் கணக்கு பளிச்சென்று தெரிவதற்காக ஓர் உதாரணம். யூனிட் விலை 10. நீங்கள் 1,00,000 போட்டு 10,000 யூனிட் வாங்குகிறீர்கள். ஒரு வருடத்தில் யூனிட் மதிப்பு 11 ஆகிறது. அன்று யூனிட்டுக்கு 1 வீதம் டிவிடெண்ட் அறிவிக்கப்படுகிறது. டிவிடெண்ட் பிரிந்ததும் யூனிட் மதிப்பு 10-க்கு இறங்கிவிடும். உங்களுக்கு வர வேண்டிய 10,000 கைக்கு வராமல், அதே 10 விலையில் 1,000 புதிய யூனிட்டுகளாகக் கணக்கில் ஏறுகிறது. இப்போது 11,000 யூனிட், மதிப்பு 1,10,000. அறிக்கையைப் பாருங்கள்: முதலீட்டுச் செலவு 1,10,000, இன்றைய மதிப்பு 1,10,000, லாபம் பூஜ்யம். புதிய 1,000 யூனிட்டுகளை 10,000 கொடுத்து வாங்கியதாக அறிக்கை பதிந்துகொள்வதால் வரும் வினை இது.

இதே கதை பத்து வருடம் நடக்கட்டும். ஒவ்வொரு வருடமும் 10 என்பது 11 ஆகி, டிவிடெண்டுக்குப் பின் மறுபடி 10. பத்தாம் வருட முடிவில் யூனிட்டுகள் 25,937. மதிப்பு 2,59,374. செலவுக் கட்டத்திலும் அதே 2,59,374. லாபம் இப்போதும் பூஜ்யம்தான்! உங்கள் பையிலிருந்து போனதோ ஒரே ஒரு லட்சம். உண்மையான வருமானம் வருடத்துக்கு 10 சதவீதக் கூட்டு வளர்ச்சி. யூனிட் விலையை மட்டும் பார்க்கிறவருக்கும் பூஜ்யம்தான் தெரியும். அன்றும் 10, இன்றும் 10.

எதிர்ப்பக்கம் சாய்கிறவர்களும் இருக்கிறார்கள். பத்து வருடத்தில் மொத்தம் 1,59,374 டிவிடெண்ட் வந்திருக்கிறது, கணக்கில் 2,59,374 இருக்கிறது, ஆகவே என் பணம் 4,18,748 ஆகிவிட்டது என்று கூட்டுவார்கள். அந்த டிவிடெண்ட் ஏற்கெனவே யூனிட்டாகி மதிப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாம் முறை அதைக் கூட்டக் கூடாது. இப்படி இரட்டிப்பாக எண்ணி வருட வருமானம் போட்டுப் பார்த்தால் சுமார் 15.4 சதவீதம் வரும். ஆக ஒரே ஃபண்ட், ஒரே பத்து வருடம், மூன்று விடைகள்: 0, 10, 15.4. நடுவில் இருப்பது மட்டுமே உண்மை.

அறிக்கை பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். செலவுக் கட்டம் வரிக் கணக்குக்காக இருப்பது. டிவிடெண்டுக்கு வரி கட்ட வேண்டிய கணக்காக இருந்தால், மறுமுதலீடான தொகைக்கு அந்த வருடமே வரி கட்டியாகிவிடும். பின்னாளில் யூனிட்டை விற்கும்போது அந்தத் தொகையைச் செலவாகக் காட்டாவிட்டால் அதே பணத்துக்கு இரண்டாம் முறை வரி கட்ட நேரும். ஆகவே வரிக்கு அந்தக் கட்டம் அவசியம். ஃபண்ட் எப்படிச் செயல்பட்டது என்ற கேள்விக்குத்தான் அது பயன்படாது. இரண்டு கேள்விக்கும் ஒரே கட்டத்தில் விடை தேடுவதில்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது.

செயல்பாட்டை அளக்க ஒரே விதி போதும். பணம் கணக்கின் எல்லையைத் தாண்டியதா? வெளியிலிருந்து உள்ளே வந்தால் அது முதலீடு. உள்ளிருந்து வெளியே போனால் அது எடுத்த பணம். உள்ளேயே டிவிடெண்டாகிப் புதிய யூனிட்டாக மாறியது இரண்டுமில்லை. வலது சட்டைப்பையிலிருந்து இடது சட்டைப்பைக்கு மாற்றியது போலத்தான். அதைக் கணக்கில் எழுதவே வேண்டாம். அது தன் வேலையை யூனிட் எண்ணிக்கையில் காட்டிவிடும்.

இந்த விதியை வைத்து ஒரு வருடக் கணக்கைக் கையாலேயே போடலாம். வருட ஆரம்பத்தில் கணக்கின் சந்தை மதிப்பு 4,00,000. மாதம் முதல் தேதியில் 5,000 வீதம் 12 மாதம் போட்டதில் 60,000 சேர்ந்தது. வருட முடிவில் மதிப்பு 5,00,000. நாலு லட்சம் ஐந்து லட்சமானதால் 25 சதவீதம் என்பார் ஒருவர்; போட்ட 60,000-ஐ அவர் மறந்துவிட்டார். லாபம் என்பது 5,00,000-லிருந்து 4,00,000-ஐயும் 60,000-ஐயும் கழித்தது, அதாவது 40,000. இதை எதால் வகுப்பது? 4,60,000-ஆல் வகுத்தால் 8.7 சதவீதம் வரும். அதுவும் சரியில்லை, ஏனென்றால் கடைசி மாதம் போட்ட 5,000 ஒரு மாதம்தான் உழைத்திருக்கிறது. ஒவ்வொரு தவணையையும் அது கணக்கில் இருந்த காலத்தால் பெருக்க வேண்டும். முதல் தவணைக்கு 12 மாதம், அடுத்ததற்கு 11, கடைசிக்கு 1. மொத்தம் 78 மாதம். 12-ஆல் வகுத்தால் 6.5. 5,000-ஐ 6.5-ஆல் பெருக்கினால் 32,500. ஆக வருடம் முழுக்கச் சராசரியாக உழைத்த பணம் 4,32,500. 40,000-ஐ இதால் வகுத்தால் 9.25 சதவீதம். 1960-களில் ஓய்வூதிய நிதிகளை அளப்பதற்காகப் பீட்டர் டீட்ஸ் என்பவர் முன்வைத்த முறையின் வழி வந்ததுதான் இது. கால்குலேட்டர் ஒன்றே போதும். கணினியில் போட்டாலும் கிட்டத்தட்ட இதே விடைதான் வரும்.

அந்த வருடத்தில் 18,000 டிவிடெண்ட் மறுமுதலீடு ஆகியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையின் ‘கொள்முதல்’ வரிசையில் 60,000-க்குப் பதில் 78,000 என்று இருக்கும். அதை அப்படியே எடுத்துக் கழித்தால் லாபம் 22,000 ஆகச் சுருங்கி, விடை 5 சதவீதத்தை ஒட்டி நிற்கும். 9.25 எங்கே, 5 எங்கே? ஃபண்ட் நிறுவனங்களின் அறிக்கைகளில் கொள்முதல் என்ற தலைப்பின் கீழ் தவணையும் மறுமுதலீடும் அடுத்தடுத்த வரிகளில் ஒரே மாதிரி அச்சாகியிருப்பது வழக்கம். விவரக் குறிப்பைப் படித்து மறுமுதலீட்டு வரிகளைத் தனியே பிரித்துவிட்டுத்தான் கணக்கில் உட்கார வேண்டும்.

பல வருடக் கணக்கு என்றால் எக்செல் போன்ற விரிதாளில் உள்ள எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். சூத்திரமே எளிது. முதல் பத்தியில் தேதி, அடுத்த பத்தியில் தொகை. நீங்கள் போட்ட ஒவ்வொரு தொகையையும் கழித்தல் குறியோடு எழுதுங்கள். எடுத்த தொகைக்குக் குறி வேண்டாம். கடைசி வரியில் இன்றைய தேதியும் கணக்கின் மொத்த மதிப்பும், அதற்கும் கழித்தல் குறி கிடையாது. மறுமுதலீடான டிவிடெண்ட் எந்த வரியிலும் வராது. தொகைப் பத்தியை முதலிலும் தேதிப் பத்தியை அடுத்தும் சூத்திரத்துக்குள் கொடுத்தால் வருட வருமானம் வந்துவிடும்.

தவறு நேரும் இடங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். தேதிகளை எழுத்தாகத் தட்டியிருந்தால் சூத்திரம் பிழை காட்டும். அந்தக் கட்டங்களைத் தேதி வடிவத்துக்கு மாற்ற வேண்டும். எல்லாத் தொகைகளுக்கும் ஒரே குறி இருந்தாலும் பிழைதான். பெரும்பாலும் கடைசி வரியின் மதிப்பை மறந்திருப்பார்கள், அல்லது அதற்கும் கழித்தல் குறி போட்டிருப்பார்கள். கணக்கு பெரிய நஷ்டத்தில் இருந்தால் சூத்திரம் விடை தேடித் திணறும். அப்போது மூன்றாவது உள்ளீடாக -0.1 என்று ஓர் ஊகத்தைக் கொடுத்தால் வழிக்கு வரும்.

இதைவிட மோசம், பிழை காட்டாமலே தப்பான விடை தரும் தவறுகள். கடந்த ஐந்து வருட வருமானத்தை மட்டும் பார்க்க நினைக்கிறவர், முதல் வரியில் அன்றைய சந்தை மதிப்பை எழுத வேண்டும். அதற்குப் பதில் அதுவரை போட்ட தொகையை எழுதிவிடுவார். அதற்கு முந்தைய வருடங்களின் லாபமெல்லாம் இந்த ஐந்து வருடத்தில் வந்தது போலக் காட்டும். இன்னொன்று, ஒரு வருடம் ஆகாத கணக்கில் இந்தச் சூத்திரத்தை நம்புவது. ஒரு மாதத்தில் 3 சதவீதம் ஏறிய ஃபண்டுக்கு, அதே வேகத்தில் வருடம் முழுக்க ஓடும் என்று எடுத்துக்கொண்டு 42 சதவீதத்துக்கு மேல் சொல்லும். ஒரு வருடத்துக்குக் குறைவான காலத்துக்கு நேர் சதவீதத்தைச் சொல்வதே நாணயம்.

வேலை கொடுப்பவர் தன் பங்காகச் செலுத்தும் தொகையையும் முதலீடாகவே எழுத வேண்டும். உங்கள் பையிலிருந்து போகவில்லை என்று அதை விட்டுவிட்டால் வருமானம் வானத்துக்குப் போகும். அது ஃபண்டின் சாமர்த்தியம் ஆகாது. ஃபண்ட் தன் கட்டணத்தை மதிப்பிலிருந்தோ யூனிட்டைக் குறைத்தோ எடுத்துக்கொண்டால் எதுவும் எழுத வேண்டாம், மதிப்பே அதைக் காட்டிவிடும். கட்டணத்தை நீங்கள் தனியாகச் செலுத்தினால், செலுத்திய தேதியில் கழித்தல் குறியோடு எழுதுங்கள். ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியதை, மொத்தக் கணக்கை அளக்கும்போது எழுதக் கூடாது. தனி ஃபண்டை அளக்கும்போது எழுதியே ஆக வேண்டும். டிவிடெண்ட் யூனிட்டாகாமல் கணக்கிலேயே ரொக்கமாகக் கிடந்தாலும் இதே பாகுபாடுதான். மொத்தக் கணக்குக்கு அது உள்ளேயே இருக்கும் பணம், கடைசி மதிப்பில் ரொக்கத்தையும் சேர்த்துக்கொண்டால் போதும். அந்த ஒரு ஃபண்டுக்கு மட்டும் அது வெளியே வந்த பணம்.

வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை மறுமுதலீடு செய்யும் கணக்குகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. முதல் உதாரணத்தில் 10,000 டிவிடெண்டில் 1,000 வரியாகப் பிடிக்கப்பட்டால் 9,000-க்கு 900 யூனிட்தான் சேரும். மதிப்பு 1,09,000, வரிக்குப் பிந்தைய வருமானம் 9 சதவீதம். வரிக்கு முந்தைய வருமானம் தேவையென்றால் அந்த 1,000-ஐ நீங்கள் எடுத்த பணமாக அந்தத் தேதியில் எழுதுங்கள். 10 சதவீதம் திரும்பி வரும். வரிச் சலுகையுள்ள ஓய்வுக்காலக் கணக்கையும் சாதாரணக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இரண்டுக்கும் ஒரே அடிப்படை இருக்க வேண்டும். ஒன்றில் வரிக்கு முன், இன்னொன்றில் வரிக்குப் பின் என்று ஒப்பிடுவது எந்த ஃபண்டுக்கும் நியாயமாகாது.

இதுவரை சொன்னது சேமித்தவரின் வருமானம். ஃபண்டின் வருமானம் வேறு. தொழில் வட்டாரத்தில் முன்னதை மணி வெயிட்டட் ரிட்டர்ன் என்றும் பின்னதை டைம் வெயிட்டட் ரிட்டர்ன் என்றும் சொல்வார்கள். இரண்டும் எவ்வளவு தூரம் பிரிய முடியும் என்று பாருங்கள். ஒரு ஃபண்ட் முதல் வருடம் 50 சதவீதம் ஏறி, இரண்டாம் வருடம் 20 சதவீதம் இறங்குகிறது. இரண்டு வருடத்தில் 100 என்பது 120 ஆகியிருக்கிறது, வருடத்துக்கு 9.5 சதவீதம். ஒருவர் முதல் வருட ஆரம்பத்தில் 1 லட்சம் போட்டார். ஏற்றத்தைப் பார்த்து ஆசைப்பட்டு இரண்டாம் வருட ஆரம்பத்தில் 9 லட்சம் போட்டார். அவருடைய 1 லட்சம் 1.5 ஆகி, 9-உம் சேர்ந்து 10.5 லட்சமாகி, 20 சதவீதம் இழந்து 8.4 லட்சத்தில் நிற்கிறது. அவருடைய வருட வருமானம் சுமார் -14.7 சதவீதம். விளம்பரத்தில் 9.5, கையில் -14.7. இரண்டும் சரியான எண்களே. முதலாவது நிர்வாகியின் திறமைக்கு, இரண்டாவது பணம் போட்ட நேரத்துக்கு. பணம் எப்போது வரும் என்பது நிர்வாகியின் கையில் இல்லை என்பதால், முதலீட்டுத் தொழில்முறையாளர்களின் அமைப்பான சி.எஃப்.ஏ. இன்ஸ்டிடியூட், வருமானத்தை எப்படிக் காட்ட வேண்டும் என்று வகுத்த ஜிப்ஸ் தரநிலைகளும் ஃபண்டுகளை ஒப்பிடப் பெரும்பாலும் டைம் வெயிட்டட் ரிட்டர்னையே கேட்கின்றன.

ஃபண்டின் வருமானத்தை டிவிடெண்டோடு சேர்த்துக் கணக்கிட, யூனிட் மதிப்புகளும் டிவிடெண்ட் விவரமும் போதும். நீங்கள் எவ்வளவு போட்டீர்கள் என்பது வேண்டியதில்லை. வருட ஆரம்பத்தில் யூனிட் மதிப்பு 20.00. முதல் டிவிடெண்ட் 0.80, அது பிரிந்த பிறகு யூனிட் மதிப்பு 21.00. இரண்டாவது டிவிடெண்ட் 0.50, பிரிந்த பின் மதிப்பு 19.50. வருட முடிவில் 20.60. ஒவ்வொரு டிவிடெண்டையும் அது பிரிந்த பிறகான மதிப்பால் வகுத்து 1-ஐக் கூட்டுங்கள். முதலாவதற்கு 1.0381, இரண்டாவதற்கு 1.0256. பெருக்கினால் 1.0647. ஆரம்பத்தில் 1,000 யூனிட் வைத்திருந்தவரிடம் இப்போது 1,064.713 யூனிட் இருக்கும் என்பதே இதன் பொருள். 20.60-ஆல் பெருக்கினால் 21,933. போட்டது 20,000. வருமானம் 9.67 சதவீதம். யூனிட் விலையை மட்டும் பார்த்தால் 3 சதவீதம். டிவிடெண்டை வெறுமனே கூட்டினால், 0.60 விலை ஏற்றமும் 1.30 டிவிடெண்டும் சேர்ந்து 9.5 சதவீதம். 9.5-க்கும் 9.67-க்கும் இடையில் உள்ள சின்ன வித்தியாசம்தான் மறுமுதலீட்டின் பங்கு. ஒரு வருடத்தில் அது அற்பம். முப்பது வருட ஓய்வுக்காலச் சேமிப்பில் அதுவே பெரும்பங்காகிவிடும்: வருடம் 6 சதவீதம் விலை ஏற்றம் மட்டும் என்றால் பணம் 5.7 மடங்கு, அதோடு 2 சதவீத டிவிடெண்ட் மறுமுதலீடாகி 8 சதவீதம் என்றால் 10 மடங்கு.

இந்தக் கணக்கில் தவறு செய்வதற்குத் தோதான ஒரே இடம் வகுக்கும் மதிப்பு. டிவிடெண்ட் பிரிவதற்கு முந்தைய மதிப்பால் வகுத்தால் யூனிட்டுகள் குறைவாக வரும். அறிக்கையில் மறுமுதலீட்டு விலை என்று அச்சாகியிருந்தால் அதையே எடுத்துக்கொள்வது உத்தமம். பங்குகளில் டிவிடெண்ட் பிரியும் நாளுக்கும் பணம் வந்து மறுமுதலீடாகும் நாளுக்கும் இடையில் சில வாரங்கள்கூட இருக்கலாம். அந்த இடைவெளியில் மாதமுடிவு வந்தால், விலை இறங்கியிருக்கும், புதிய யூனிட்டுகள் வந்திருக்காது. மதிப்பு திடீரென்று சரிந்தது போலத் தெரியும். வர வேண்டிய டிவிடெண்டை மதிப்போடு சேர்த்தால் அந்தப் பள்ளம் மறைந்துவிடும். பதறிப்போய் விற்பவர்களில் சிலர் இந்தப் பள்ளத்தைப் பார்த்துத்தான் விற்கிறார்கள்.

இணையத்தில் பழைய விலைகளை இறக்கிக் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘சரிசெய்யப்பட்ட விலை’ என்று ஒரு பத்தி இருக்கும். அதில் டிவிடெண்டுகளுக்கு ஏற்பப் பழைய விலைகளை ஏற்கெனவே குறைத்திருப்பார்கள். அந்த விலைகளின் ஏற்றத்தில் மறுமுதலீடு அடங்கிவிட்டது. அதன் மேல் டிவிடெண்டையும் சேர்த்தால் மேலே சொன்ன இரட்டிப்பாக எண்ணும் கதைதான். புதிய டிவிடெண்ட் வரும்போதெல்லாம் அந்தப் பத்தியின் பழைய எண்களும் மாறும் என்பதால், போன வருடம் இறக்கி வைத்த எண்களை இந்த வருட எண்களோடு ஒட்டக் கூடாது.

டிவிடெண்ட் சதவீதமும் ஏமாற்றும். முகமதிப்பின் (யூனிட்டுக்கு ஆரம்பத்தில் குறித்த நிலையான மதிப்பின்) மேல் அறிவிக்கும் வழக்கம் உள்ள இடங்களில், முகமதிப்பு 10 உள்ள யூனிட்டுக்கு 10 சதவீத டிவிடெண்ட் என்றால் கிடைப்பது 1. யூனிட்டின் சந்தை மதிப்பு 50 என்றால் அது 2 சதவீதம்தான். அதுவும் யூனிட் மதிப்பிலிருந்து கழிந்தே வருவது. ஒரே முதலீட்டுத் தொகுப்பில் டிவிடெண்ட் தராமல் வளர்ச்சியிலேயே விடும் வகையும், டிவிடெண்டை மறுமுதலீடு செய்யும் வகையும் இருந்தால், வரியும் கட்டணமும் ஒன்றாக இருக்கும்வரை இரண்டும் ஒரே வருமானத்தைத்தான் தரும். ஒன்றில் யூனிட் விலை ஏறும், மற்றதில் யூனிட் எண்ணிக்கை ஏறும். உங்கள் கணக்கு சரியா என்று சோதிக்க இதைவிட நல்ல உரைகல் இல்லை. அந்த இரண்டு வகைக்கும் நீங்கள் போட்ட விடைகள் ஒத்துவரவில்லை என்றால், ஏதோ ஒரு டிவிடெண்ட் விட்டுப்போயிருக்கிறது அல்லது இரண்டு முறை நுழைந்திருக்கிறது.

அடுத்தது, சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறியீட்டோடு ஒப்பிடுவது. டிவிடெண்டை மறுமுதலீடு செய்த ஃபண்டின் வருமானத்தை, விலையை மட்டும் பார்க்கும் குறியீட்டோடு வைத்தால் சுமாரான ஃபண்டும் சந்தையை ஜெயித்தது போலத் தோன்றும். செய்திகளில் வரும் எஸ் அண்ட் பி 500, நிக்கி 225, எஃப்.டி.எஸ்.இ. 100, நிஃப்டி 50 ஆகிய எண்கள் விலைக் குறியீடுகள். அவற்றில் டிவிடெண்ட் இல்லை. ஜெர்மனியின் டாக்ஸ் மட்டும் வேறு ஜாதி: செய்தியில் வரும் அதன் எண்ணே டிவிடெண்ட் மறுமுதலீடானதாகக் கணக்கிடப்படுவது. ஆகவே டாக்ஸையும் நிக்கியையும் ஒரே வரைபடத்தில் போட்டு ஒப்பிடும் பத்திரிகைக் கட்டுரைகள் அடிப்படையிலேயே பிசகு. மற்றக் குறியீடுகளுக்கும் டிவிடெண்டையும் சேர்த்த டோட்டல் ரிட்டர்ன் குறியீடு என்று தனியாக வெளியிடப்படுகிறது. இந்தியாவில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2018 பிப்ரவரி முதல் மியூச்சுவல் ஃபண்டுகள் தங்கள் செயல்பாட்டை டோட்டல் ரிட்டர்ன் குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும் என்று ஆக்கியது. அதற்கு முன் எத்தனை ஃபண்டுகள் டிவிடெண்டின் தயவில் வெற்றிக்கொடி காட்டினவோ! டோட்டல் ரிட்டர்னிலும், வரியைக் கழிக்காதது, கழித்தது என்று இரண்டு வகை உண்டு. வெளிநாட்டுப் பங்குகள் வைத்திருக்கும் ஃபண்டுக்கு, வெளிநாட்டில் பிடிக்கப்படும் டிவிடெண்ட் வரியைக் கழித்த குறியீடே பொருத்தம்.

பணவீக்கத்தைப் பற்றி ஒரு வரி: 10 சதவீத வருமானத்திலிருந்து 6 சதவீதப் பணவீக்கத்தைக் கழித்து 4 என்று சொல்லாதீர்கள். 1.10-ஐ 1.06-ஆல் வகுத்தால் 1.0377, அதாவது 3.8 சதவீதம்.

கணக்கை முடிக்கும் முன் யூனிட்டுகளை ஒரு முறை சரிபார்க்கவும். ஆரம்ப யூனிட், வாங்கிய யூனிட், மறுமுதலீட்டில் வந்த யூனிட் மூன்றையும் கூட்டி, விற்ற யூனிட்டையும் கட்டணத்துக்குப் போன யூனிட்டையும் கழித்தால், அறிக்கையின் இறுதி யூனிட் எண்ணிக்கை மூன்றாவது தசமம் வரை ஒத்துவர வேண்டும். வரவில்லை என்றால் வருமான சதவீதத்தைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. பெரும்பாலும் இடையில் ஒரு மறுமுதலீட்டு வரி, பக்கம் மாறும் இடத்தில் விட்டுப்போயிருக்கும். யூனிட் பிரிப்பு (ஒரு யூனிட்டைப் பல யூனிட்டாக்குவது) நடந்திருந்தால் அந்தத் தேதிக்கு முந்தைய எண்ணிக்கைகளையும் விலைகளையும் புதிய விகிதத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் முதலீட்டுப் பக்கத்துக்கு. ஃபண்டுகளின் வருமான அட்டவணையை வெளியிடும்போது, அந்த எண்ணில் டிவிடெண்ட் மறுமுதலீடு அடங்கியிருக்கிறதா என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே அச்சிடுங்கள். கீழே பொடி எழுத்தில் வேண்டாம். பக்கத்தில் தரும் குறியீடு டோட்டல் ரிட்டர்ன் குறியீடாக இருக்கட்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு வருடக் கூட்டு வளர்ச்சியும், அதற்குக் குறைவான காலத்துக்கு நேர் சதவீதமும் தாருங்கள். யூனிட் மதிப்பு ஒரே நாளில் பெரிதாக இறங்கிய ஃபண்டுகளைச் சரிந்தவை என்ற பட்டியலில் சேர்க்கும் முன், அன்று அது டிவிடெண்ட் பிரித்த நாளா என்று பார்த்துவிடுங்கள். கேள்வி பதில் பகுதிக்கு ‘என் ஃபண்டில் லாபமே இல்லை, விற்றுவிடலாமா?’ என்று வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுமுன், டிவிடெண்டை எடுத்துக்கொள்கிறாரா மறுமுதலீடு செய்கிறாரா, தன் பையிலிருந்து போட்டது எவ்வளவு, எந்தத் தேதிகளில் என்ற விவரங்களைக் கேட்டு வாங்கும்படி உங்கள் ஆலோசகர்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுக்கால நிதிக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஒரு வாசகர்